கத்திக்கு எட்டும் நோயும் எட்டாத நோயும்

கட்சிக் கிளை அலுவலகத்தின் படியேறி வருகிறவர்கள் ரேஷன் கார்டுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் பட்டாவுக்கும் மட்டும் வருவதில்லை. ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டை மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என்ன கேட்பதென்று தெரியாமல் நிற்கும் தாய்மார்களும் வருகிறார்கள். தாமிரபரணிக் கரையில் கிளை நடத்தும் தோழர் எவரும் இந்தக் காட்சியை அறிவார். புருஷனுக்கு நெஞ்சிலே கட்டி. மூளைக்கோ எலும்புக்கோ ஈரலுக்கோ பரவிவிட்டது என்கிறார்கள். அந்தத் தாய் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“அண்ணாச்சி, அறுக்க முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாவ. கையில துட்டு இருந்தா அறுத்திருப்பாவல்லா?”

இந்தக் கேள்விக்கு நம் தோழரிடம் விடை உண்டா? இல்லை என்பதே உண்மை. விடை தெரியாத இடத்தில் கோபம் வருகிறது. ‘ஏழை என்பதால் விரட்டிவிட்டார்கள், வா போய்க் கேட்போம்’ என்று கிளம்பிவிடுகிறோம். அல்லது, யாரோ ஒரு தரகன், ‘எனக்குத் தெரிந்த இடத்தில் அறுத்துவிடுவார்கள், சில லட்சம் ஆகும்’ என்று சொன்னதை நம்பி வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறோம். ஏழைக்கு இழைக்கப்படும் அநீதி இந்நோயில் நிரம்ப உண்டு. ஆனால் அது பெரும்பாலும் அறுவை அறையின் வாசலில் நடப்பதில்லை. அதற்குப் பல மாதங்கள் முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது. எந்த இடத்தில் அநீதி, எந்த இடத்தில் இயற்கையின் வரம்பு என்று பிரித்தறியாமல் போராடக் கிளம்பினால், நமது அடி படவேண்டிய இடத்தில் படாது.

கத்தி எதுவரை எட்டும்?

நுரையீரலில் தோன்றும் புற்றுக்கு அறுவை சிகிச்சை உண்டு. பழைய பெரியவர்கள் ரண சிகிச்சை என்பார்கள். கட்டி தோன்றிய இடத்திலேயே நிற்கும்போது, அல்லது பக்கத்து நெறிக்கட்டிகள் சிலவற்றோடு நிற்கும்போது, நுரையீரலின் ஒரு மடலையோ சில வேளை ஒரு பக்கம் முழுவதையுமோ எடுத்துவிடுகிறார்கள். தொடக்கக் கட்டத்தில் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். இது சிறிய வெற்றியல்ல.

இந்த வெற்றிக்கு வழி திறந்தவர் அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்து அறுவை நிபுணர் எவார்ட்ஸ் கிரஹாம். 1933 ஏப்ரலில் ஜேம்ஸ் கில்மோர் என்ற டாக்டரின் இடது நுரையீரல் முழுவதையும் ஒரே அறுவையில் அகற்றினார். நுரையீரல் ஒன்றை முழுதாக எடுத்தபின் மனிதன் பிழைப்பானா என்று உலகம் ஐயுற்றிருந்த காலம். கில்மோர் பிழைத்தார், அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் வாழ்ந்தார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் கத்தியின் புகழ் பாடிவிட்டுப் போகலாம். முடியவில்லை. கிரஹாம் கடுமையான சிகரெட் பழக்கம் உள்ளவர். புகைக்கும் புற்றுக்கும் தொடர்பு உண்டென்பதை அவரே தொடக்கத்தில் நம்பவில்லை. எர்ன்ஸ்ட் விண்டர் என்ற இளம் மாணவர் ஆராய்ச்சிக்கு வந்தபோது, பார்த்துவிடுவோமே என்று இசைந்தார். 684 நோயாளிகளை ஆராய்ந்து இருவரும் 1950-இல் வெளியிட்ட கட்டுரை புகையிலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அதன்பின் அவர் புகையை விட்டார். காலம் கடந்துவிட்டது. 1957-இல் அவருக்கே நுரையீரல் புற்று என்று தெரிந்தது. அதுவும் இரண்டு பக்கமும் பரவிய நிலையில். அறுவை செய்ய இடமில்லை. சில வாரங்களில் மறைந்தார். அவர் அறுத்துப் பிழைக்க வைத்த கில்மோர் அப்போதும் உயிரோடிருந்தார்!

கத்தியின் தலைமகனுக்கே கத்தி எட்டவில்லை. அவரிடம் துட்டு இல்லாமலா? உலகின் தேர்ந்த டாக்டர்களெல்லாம் அவர் மாணவர்கள்.

ஏன் எட்டவில்லை என்பதைத்தான் அந்தத் தாய்க்கு நாம் சொல்லவேண்டும். புற்று வேறு உறுப்பில் முளைத்துவிட்டது என்றால், அது இரத்தத்தின் வழியாகப் பயணம் செய்துவிட்டது என்று பொருள். படத்தில் தெரிவது இரண்டு இடம்; படத்துக்குத் தெரியாமல் கண்ணுக்கெட்டாத துகளாகக் கிடப்பது எத்தனையோ. வயலில் அருகம்புல் பரவியபின் முதலில் முளைத்த ஒரு குத்தை மட்டும் வெட்டி எறிந்தால் வயல் சுத்தமாகுமா? நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவை பெரிய அறுவை. இருபதாண்டு முப்பதாண்டு பீடி குடித்த நெஞ்சில் ஏற்கெனவே மூச்சு பாதிதான் மிச்சம். அதிலும் ஒரு பகுதியை எடுத்துவிட்டால் மனிதன் படுக்கையிலிருந்து எழ வாரக்கணக்காகும். உடம்பு முழுவதும் சென்று வேலை செய்யவேண்டிய மருந்து அதுவரை காத்திருக்கும். நோய் காத்திருக்காது. இதனால்தான் நான்காம் கட்டம் என்று சொல்லப்படும் பரவிய நோய்க்கு முதல் சிகிச்சை மருந்து, கத்தியல்ல. சென்னையிலும் பம்பாயிலும் லண்டனிலும் விதி இதுவே. நுரையீரலைச் சுற்றிக் கோர்க்கும் நீரில் புற்று அணுக்கள் தென்பட்டாலும் அது இதே கட்டம்தான் என்பதையும் அறிந்து கொள்க.

விதிக்கு விலக்கு

விலக்கே இல்லையா? உண்டு. அதை மறைப்பதும் பொய்யே ஆகும்.

முதலாவது, மூளையில் ஒரே ஒரு கட்டி. 1990-இல் அமெரிக்காவில் பாட்செல் என்பவரும் அவர் குழுவினரும் 48 நோயாளிகளை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். பெரும்பாலோர் நுரையீரல் புற்றுக்காரர்கள். மூளைக் கட்டியை அறுத்தெடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்த பிரிவினர் நடுவளவாக 40 வாரம் வாழ்ந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்கள் 15 வாரம். நோய் வேறிடத்தில் அடங்கியிருந்து, மூளையில் ஒன்றே நின்றால், கத்திக்கு வேலை உண்டு என்று அன்று தெளிவாயிற்று. இன்று சிறிய கட்டியானால் மண்டையைத் திறக்காமலே குறிவைத்த கதிரால் சுட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, பரவல் இரண்டு மூன்று இடத்தோடு நிற்கும் நிலை. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போலிருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஒன்று, எலும்பில் ஒன்று என்று எண்ணி விடக்கூடிய அளவில் நிற்கும் நோயை 1995-இல் ஹெல்மன், வைக்செல்பாம் என்ற இருவர் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் மருந்து கொடுத்து, நோய் மேலும் வளராமல் நிற்கிறதா என்று பார்த்து, நின்றால் மிஞ்சியதை அறுத்தோ கதிர்வீச்சாலோ ஒழிப்பது ஒரு முறை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஓர் ஆய்வில், இப்படிச் செய்யப்பட்டவர்கள் நடுவளவாக 41 மாதம் வாழ்ந்தார்கள். மற்றவர்கள் 17 மாதம். கேட்டதும் நெஞ்சு நிமிரும். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் 49 பேர்தாம். புதிய தடுப்பாற்றல் மருந்துகள் வந்தபின், 200-க்கு மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2024-இல் அறிவிக்கப்பட்ட பெரிய ஆய்வு, அத்தகைய ஆதாயம் எதையும் காட்டவில்லை. ஆகவே நேர்மையான டாக்டர் இன்று ‘சிலருக்குப் பயன்படலாம், எல்லோருக்கும் அல்ல’ என்றுதான் சொல்வார். ‘கட்டாயம் குணமாகும், பணத்தைக் கட்டுங்கள்’ என்று சொல்பவரிடமிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு வேறொரு டாக்டரிடம் காட்டுவதே மேல்.

மூன்றாவது விலக்கு நம் தோழர்கள் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டியது. இதிலே மணிக்கணக்கு முக்கியம். புற்று முதுகெலும்பில் இறங்கித் தண்டுவடத்தை நெரிக்கும்போது முதுகுவலி கூடும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிறுநீர் கட்டும். வீட்டிலே ‘உடம்பு பலவீனம், கஞ்சி குடித்தால் சரியாகும்’ என்று இரண்டு நாள் விட்டுவிட்டால் கால் போய்விடும். 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்குச் சான்று. தகுதியுள்ள நோயாளிகளுக்கு நெரிப்பை அறுவையால் நீக்கிக் கதிர்வீச்சு கொடுத்தபோது நூற்றுக்கு 84 பேர் நடந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் கொடுத்தபோது 57 பேர். இந்த அறுவை நோயைத் தீர்ப்பதற்கன்று. மிஞ்சிய நாளைப் பிறர் தூக்கிச் சுமக்காமல் தன் காலில் நின்று கழிப்பதற்கு. வீட்டுக் கொல்லைக்குத் தானே நடந்து போவது எவ்வளவு பெரிய மரியாதை என்பது படுத்துக் கிடந்தவனுக்குத் தெரியும். தொடை எலும்பு முறியும் நிலையிலிருந்தால் கம்பி வைப்பதும், நெஞ்சில் கோர்த்த நீரைக் குழாய் வைத்து வடிப்பதும் இந்த வகையே.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுவோம். குடலிலோ கை கால் எலும்பிலோ தோன்றி நுரையீரலுக்குப் பரவிய புற்று வேறு. நுரையீரலில் தோன்றி வெளியே பரவிய புற்று வேறு. முதல் வகையில், குறிப்பாக எலும்புப் புற்று கண்ட இளைஞர்களுக்கு, நுரையீரலில் உள்ள சில கட்டிகளை அறுத்தெடுப்பது பழகிய முறை. ‘பக்கத்து ஊர்ப் பையனுக்கு நெஞ்சில் பரவியதை அறுத்தார்களே, எங்கள் ஆளுக்கு ஏன் இல்லை?’ என்ற சண்டை இதை அறியாததால் வருவது.

கத்தி பட்டால் பரவுமா?

கத்தியை வேண்டாத இடத்தில் கேட்பவர்கள் ஒரு பக்கம். வேண்டிய இடத்தில் அஞ்சி ஓடுபவர்கள் மறுபக்கம். ‘கத்தி பட்டால் புற்று பரவும், ஊசி குத்திச் சதை எடுத்தால் கிளம்பிவிடும்’ என்ற பேச்சு நம் பக்கத்து ஊர்களில் வேரூன்றிக் கிடக்கிறது. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? முற்றிய பின் கொண்டுபோனார்கள், அறுத்துப் பார்த்தால் முன்பே பரவியிருந்தது, தைத்து அனுப்பினார்கள், சில மாதத்தில் ஆள் போனான். ஊர் கண்டது கத்தியையும் சாவையும். கத்திக்கு முந்திய ஓராண்டு இருமலை ஊர் கணக்கில் எடுக்கவில்லை. சதை எடுத்துச் சோதிக்காமல் இன்று இந்நோய்க்குச் சரியான மருந்தே தர இயலாது. ஊசித் தடத்தில் புற்று பரவுவது மிக அரிது. சோதனை செய்யாததால் வரும் கேடோ அன்றாடம் காண்பது.

அந்த ஓராண்டு இருமலுக்கு வருவோம். அநீதி குடியிருக்கும் இடம் அதுதான்.

நமது நாட்டில் நெடுநாள் இருமல், மெலிவு, சளியில் இரத்தம் என்றால் காசநோய் என்று நினைப்பது இயல்பு. நினைப்பதில் தவறில்லை, காசநோய்தான் அதிகம். நெஞ்சுப் படத்திலும் இரண்டும் ஒன்று போலவே நிழல் காட்டக்கூடும். கெடுதி எப்போது வருகிறது? சளியில் கிருமி காணப்படாமல், படத்து நிழலை மட்டும் வைத்து மருந்து தொடங்கி, இருமல் நிற்காமல், எடை ஏறாமல், மாதங்கள் கழியும்போது வருகிறது. அந்த மாதங்களில்தான் கத்திக்கு எட்டிய நோய் கத்திக்கு எட்டாத நோயாகிறது. இந்தியாவில் நுரையீரல் புற்று என்று தெரியவருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வருகிறார்கள் என்பது மருத்துவர் அனைவரும் ஒப்பும் செய்தி. புகை இரண்டுக்கும் தாய். சென்னை நகரிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் கணக்கை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். காசநோயால் மாண்ட ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகையே பொறுப்பு என்று அது கூறிற்று.

ஆகவே தோழர்களே, புகைப் பழக்கமுள்ள நாற்பது வயது கடந்தவருக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிச் சோதனை. கிருமி இல்லையென்றால், மருந்து தொடங்கியும் குணமில்லையென்றால், சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்பது. நிழல் இருந்தால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்த்துச் சதை எடுக்கச் சொல்லிக் கேட்பது. கெஞ்ச வேண்டியதில்லை, அதட்டவும் வேண்டியதில்லை, கேட்டால் போதும். இருமல் இல்லாத புகையாளர்களையே ஸ்கேன் எடுத்துத் தேடும் முறையும் உண்டு. அமெரிக்காவில் 53,000 பேரிடம் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நுரையீரல் புற்றுச் சாவு நூற்றுக்கு இருபது குறைந்தது. காசநோயின் பழைய தழும்பு நிரம்பிய நம் நெஞ்சுகளில் அது வீண் பீதியையும் கிளப்பும் என்பதால், அப்படியே இங்கே கொண்டுவரலாம் என்று நான் சொல்லமாட்டேன். இருமுகிறவனுக்கே ஸ்கேன் எட்டாதிருக்கும்போது இருமாதவனைத் தேடிப் போவானேன்?

எட்டுவதற்கு இடம் உண்டா என்றால், உண்டு. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துயரத்தை மூலதனமாக்கி, சென்னை அடையாற்றில் 12 படுக்கையோடு ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அன்று நெல்லைச் சீமை நோயாளிக்கு அதுவே கதி. 600 கிலோமீட்டருக்கு மேல் ரயில். பிறகு 1965-இல் பாளையங்கோட்டையில் மருத்துவக் கல்லூரி வந்தது. 1981-இல் திருவனந்தபுரத்தில் வட்டாரப் புற்றுநோய் மையம் வந்தது. நம்மூரிலிருந்து அது ஏறத்தாழ 150 கிலோமீட்டர். 2019 ஜனவரியில் நெல்லை அரசு ஆஸ்பத்திரிக்கு உயர் சிறப்புப் பிரிவுக் கட்டடம் திறக்கப்பட்டது. கட்டடம் வந்துவிட்டது. கூலிக்காரன் ஒருநாள் வேலையை விட்டு வந்து வரிசையில் நின்று, ‘நாளைக்கு வா’ என்று கேட்டுத் திரும்பும் அந்தப் பயணக்கூலியும் இழந்த கூலியும் எந்தக் காப்பீட்டிலும் வராது. மூன்று ‘நாளைக்கு வா’ கேட்டவன் நான்காம் நாள் வருவதில்லை. நாட்டு மருந்துக் கடைக்குப் போய்விடுகிறான்.

கத்தி இல்லை என்றால் என்ன உண்டு?

‘அறுக்க முடியாது’ என்பதைக் ‘கைவிட்டார்கள்’ என்று மொழிபெயர்ப்பது நம் வழக்கம். அது தவறு. எடுத்த சதையிலேயே மரபணுச் சோதனை உண்டு. ஈஜிஎஃப்ஆர் என்ற மாற்றம் இருந்தால் தினம் ஒரு மாத்திரையால் நோயை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அடக்கலாம். புகையே பிடிக்காத பெண்களிடம் இம்மாற்றம் அதிகம் காண்கிறது. பழைய மாத்திரைகள் நம் நாட்டுக் கம்பெனிகளிலேயே தயாராகி விலை இறங்கிவிட்டன. புதியதான ஓசிமெர்டினிப் மீதான இறக்குமதித் தீர்வையை 2024 ஜூலை பட்ஜெட்டில் மத்திய அரசு நீக்கியது. நீக்கிய பின்னும் அது கூலிக்காரன் கைக்கு எட்டும் விலையில் இல்லை. போராட வேண்டிய இடம் வேண்டுமா? இதோ, இங்கே!

இன்னொன்று, விலை குறைந்தது. பாஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுள்ள 151 பேரை வைத்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சையோடு, தொடக்கத்திலிருந்தே வலி, மூச்சுத்திணறல், மனச்சோர்வு ஆகியவற்றைத் தணிக்கும் சிகிச்சையும் பெற்றவர்கள் நடுவளவாக 11.6 மாதம் வாழ்ந்தார்கள், பெறாதவர்கள் 8.9 மாதம். வலி குறைந்தவன் மன நிம்மதியோடு வாழ்ந்தான். அதிக நாளும் வாழ்ந்தான். வீட்டை விற்றுச் செய்யும் பயனற்ற அறுவை இதற்கு ஈடாகுமா? வலிதணிப்பு என்றதும் ‘கடைசி நேரத்துச் சமாச்சாரம்’ என்று முகம் சுளிக்கிறோம். முதல் நாளே கேட்க வேண்டிய சிகிச்சை அது.

பீடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நெல்லையில் இருந்துகொண்டு இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் வீரவநல்லூரிலும் கடையத்திலும் திண்ணைக்குத் திண்ணை முறத்தில் இலையும் தூளும் வைத்துச் சுற்றுகிறார்கள் நம் சகோதரிகள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அடுப்பு எரிவதும் பிள்ளை படிப்பதும் அதனால்தான். அதே பீடிதான் கணவனின் நெஞ்சுக்குள் போகிறது. ‘சிகரெட்டுதான் கெடுதி, பீடி இலை’ என்று சொல்லித் தேற்றிக்கொள்வதை 1979-இலேயே பம்பாய் ஆராய்ச்சி பொய்யாக்கிவிட்டது. பீடி எவ்வகையிலும் இளைத்ததல்ல. இதை எழுதினால் தொழிலுக்கு எதிராக எழுதுவதாகச் சில தோழர்கள் வருந்தக்கூடும். சுற்றுகிற கைக்குக் கூலி கேட்பதும், புகைக்கிற நெஞ்சுக்கு எச்சரிக்கை சொல்வதும் ஒரே சங்கம் செய்யக்கூடிய வேலைதான். புகைக்கும் தோழர் இதைப் படித்து முடித்ததும் இன்னொன்று பற்றவைப்பார் என்பதும் எனக்குத் தெரியும்!

அந்தச் சகோதரிகளின் உழைப்பிலிருந்து உருவானதே பீடித் தொழிலாளர் நலநிதி. 1976-இல் சட்டம் வந்தது. பீடியின் மீது தீர்வை விதித்து நிதி சேர்த்தார்கள். முக்கூடலில் ஆஸ்பத்திரியும் வந்தது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தனித் தீர்வையை எடுத்துவிட்டார்கள். அதன்பின் நிதி, மத்திய பட்ஜெட்டின் தயவை எதிர்பார்த்து நிற்கிறது. ஆயினும் தொழிலாளியும் அவரைச் சார்ந்தோரும் புற்றுநோய் சிகிச்சைக்குச் செய்த செலவை, விதிகளுக்குட்பட்டுத் திரும்பப் பெறும் உரிமை அத்திட்டத்தில் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டில் 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பும் உண்டு. மஞ்சள் பையோடு வந்த அந்தத் தாய் பீடி சுற்றுகிறவளாக இருந்தால் இரண்டு கதவும் அவளுக்குத் திறக்கக்கூடும். அடையாள அட்டை கையிலிருந்தால்!

பல வீடுகளில் அந்த அட்டை பரணில் தகரப் பெட்டிக்குள் கிடக்கிறது. பல வீடுகளில், பெயர் ஒருவருக்கும் பாஸ்புத்தகம் இன்னொருவருக்கும் என்று சுற்றுவதால் அட்டையே இல்லை. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, தம் தெருவில் அட்டை இல்லாத வீடுகளின் பட்டியலையும், மூன்று வாரத்துக்கு மேல் இருமுகிறவர்களின் பட்டியலையும் ஒவ்வொரு தோழரும் எழுதிக்கொண்டு வரவேண்டும். இரண்டு பட்டியலிலும் சேர்ந்து வரும் பெயர்களை முதலில் எடுத்துக்கொள்வோம்.